ஸ்டோரிவீவர் கதைத்தளம்: தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு வீட்டில் தமிழ் படிக்கவும் எழுதவும் பழக்க எவ்வளவு உதவும்?

ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும் குழந்தைக்கு வீட்டில் தமிழ் வாசிப்பைப் பழக்க முனையும் பெற்றோருக்கு, சில வாரங்களிலேயே படிக்கக் கொடுக்கப் புதிதாக எதுவும் இல்லாமல் போய்விடுகிறது. பாடநூலில் இருக்கும் கதைகளும் பாடல்களும் கொஞ்ச நாளில் குழந்தைக்கு மனப்பாடமாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு விரல் வரியின் மீது ஊர்ந்துகொண்டிருக்கும், வாய் ஒப்பித்துக்கொண்டிருக்கும், கண் மட்டும் எங்கோ இருக்கும். நடுவில் ஒரு வரியைக் காட்டி அதை மட்டும் படிக்கச் சொன்னால், பாடத்தின் முதல் வரியிலிருந்து மெல்ல முணுமுணுத்து வந்துதான் குழந்தை அந்த இடத்தை அடையும். இதை வாசிப்பு என்று சொல்ல முடியாது. வாசிப்பு பழக வேண்டுமானால் முன்பின் பார்த்திராத வரிகள் வேண்டும், அவை குழந்தையின் நிலைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும், நாள்தோறும் கிடைக்கவும் வேண்டும். மாதம் நான்கைந்து படக்கதைப் புத்தகங்கள் வாங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் இயலாது. வாங்கினாலும் ஒரு குழந்தை அவற்றை ஒரே வாரத்தில் முடித்துவிடும்.

இந்த இடத்தில் உதவக்கூடியவற்றுள், காசு செலவில்லாமல் கிடைப்பவற்றில் முதன்மையானது ஸ்டோரிவீவர் என்னும் இணையக் கதைத்தளம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட லாப நோக்கமற்ற சிறுவர் பதிப்பகமான பிரதம் புக்ஸ் இதை 2015 செப்டம்பர் 8 அன்று, உலக எழுத்தறிவு நாளில், தொடங்கியது. 24 மொழிகளில் சுமார் 800 கதைகளோடு தொடங்கிய இத்தளத்தில் இன்று நூற்றுக்கணக்கான மொழிகளில் பல்லாயிரம் படக்கதைகள் உள்ளன. தமிழிலும் ஒரு குழந்தை தன் தொடக்கப்பள்ளிக் காலம் முழுவதும் படித்தாலும் தீராத அளவுக்கு இருக்கின்றன. எங்கள் வீட்டில் இதைப் பல மாதங்களாகப் பயன்படுத்திவருவதை வைத்துச் சொல்வதானால், கதைகளின் சேகரிப்பும் படங்களும் மிக நன்று. கதைகளைப் பிரித்திருக்கும் நிலைகளைத் தமிழுக்கு அப்படியே நம்புவது கடினம். எழுத்துப் பயிற்சி என்று இதில் தனியாக ஒன்றும் கிடையாது, ஆனால் அந்தப் பயிற்சிக்கு வேண்டிய மூலப்பொருள் வேண்டிய மட்டும் கிடக்கிறது.

தளத்தைப் பயன்படுத்துவது எளிது. மொழியையும் நிலையையும் தேர்ந்தெடுத்தால் கதைகளின் அட்டைகள் வரிசையாக வருகின்றன. திறந்து படிப்பதற்குக் கட்டணம் இல்லை, நடுவில் விளம்பரம் குறுக்கிடுவதும் இல்லை. கைப்பேசியைக் குழந்தையின் கையில் கொடுக்கத் தயங்கும் பெற்றோருக்கு இந்த இரண்டாவது செய்தி முக்கியம். கதையைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சில மொழிகளில் சில கதைகளுக்கு, படிக்கும் குரலோடு சொற்கள் ஒளிரும் வசதியும் உண்டு. எல்லாக் கதைகளுக்கும் அது இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட ஒருவர் இருக்கும் வீட்டில் அந்தக் குரலுக்குப் பெரிய வேலை இல்லை. அது இருந்தால், கேட்டு முடித்ததையே படித்து முடித்ததாகக் குழந்தை எண்ணிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

அடுத்து, நிலைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தளத்தின் கதைகள் நான்கு நிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. முதல் நிலைக் கதைகளில் 250 சொற்களுக்குக் குறைவாகவும், இரண்டாம் நிலையில் 600 சொற்கள் வரையிலும், மூன்றாம் நிலையில் 1500 சொற்கள் வரையிலும் இருக்கும். அதற்கு மேற்பட்டவை நான்காம் நிலை. எளிய சொற்களா, திரும்பத் திரும்ப வரும் சொற்களா, நீண்ட வாக்கியங்களா என்பதும் இப்பகுப்பில் கணக்கில் கொள்ளப்படுகிறது. சொற்களை எண்ணி நிலையைத் தீர்மானிக்கும் இந்த முறை ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் ஓரளவு பொருந்தலாம். தமிழில் ஒரு சொல்லுக்குள் அடங்குவது மிக அதிகம். ஆங்கிலத்தில் மூன்று சிறு சொற்களில் முடியும் ஒரு செய்தி தமிழில் ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்று பத்து எழுத்துள்ள ஒரே சொல்லாகிவிடுகிறது. ‘வீட்டுக்குள்ளிருந்து’ என்பதும் அப்படியே, அதிலும் பத்து எழுத்துகள். ஆகவே ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்ட முதல் நிலைக் கதை தமிழுக்கு வரும்போது சொற்களின் எண்ணிக்கை குறைகிறது, ஒவ்வொரு சொல்லும் நீள்கிறது. பக்கத்தில் நான்கே சொற்கள்தான் இருக்கின்றன என்று பார்த்துப் பெற்றோர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, குழந்தை அந்த நான்கில் ஒன்றின் நடுவில் மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் மகள் ஒரு நாள் ‘குதித்துக்கொண்டிருந்தது’ என்ற சொல்லுக்கு வந்தாள். ‘கு’, ‘தி’, ‘த்’, ‘து’ என்று சரியாகவே தொடங்கியவள், அடுத்து வந்த ஒற்றைக் கடந்து ஒற்றைக்கொம்பைப் பார்த்ததும் ‘கெ’ என்றாள். பின்னால் துணைக்கால் நிற்பதைக் கவனித்துத் திரும்பி வந்து ‘கொ’ என்று திருத்தினாள். அதற்குள் முன்பாதி மறந்துவிட்டது. சொல்லின் மீதியை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள், “குதிச்சுச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். பொருளில் பழுதில்லை. ஆனால் அச்சில் இருந்த சொல்லின் பின்பாதி படிக்கப்படவே இல்லை. தமிழ் வாசிக்கக் கற்கும் குழந்தைகளிடம் நாள்தோறும் காணக்கூடிய இரண்டு சிக்கல்கள் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுதும்போது முன்னால் கொம்பாக நிற்பது ஒன்று. வீட்டில் பேசும் வடிவத்துக்கும் புத்தகத்தில் எழுதும் வடிவத்துக்கும் உள்ள தொலைவு மற்றொன்று. இவை இரண்டையும் கணக்கில் கொண்டு வகுத்த நிலைப்பட்டியல் இத்தளத்தில் இல்லை. பன்மொழித் தளம் ஒன்றிடம் அதை எதிர்பார்ப்பதும் பொருத்தமாகாது.

ஆகையால் நிலையைத் தீர்மானிக்கும் வேலையைப் பெற்றோரே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கதையைக் குழந்தையிடம் கொடுப்பதற்கு முன்பு நாம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, பக்கத்துக்கு எத்தனை சொற்கள் என்பதை விட்டுவிட்டு, ஆறெழுத்துக்கு மேற்பட்ட சொற்கள் எத்தனை என்று எண்ணினால் போதும். ஒரு பக்கத்தில் அப்படி ஒன்றுக்கு மேல் இருந்தால், தானாகப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு அது கடினம், அட்டையில் முதல் நிலை என்று போட்டிருந்தாலும் சரி. இரண்டாம் நிலையிலும் எளிதான கதைகள் பல இருக்கின்றன. ஒரே வாக்கியம் சிறு மாற்றத்தோடு பக்கந்தோறும் திரும்ப வரும் கதைகள் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் நீண்ட சொல் இருந்தாலும் அதுவே திரும்பத் திரும்ப வருவதால், நான்காம் பக்கத்தில் குழந்தை அதை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்கிறது.

குழந்தை இப்போது எங்கே நிற்கிறது என்பதை அறியவும் ஓர் எளிய வழி உண்டு. இந்தியக் கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் நிலையை அறிய 2005 முதல் பிரதம் தொண்டு நிறுவனம் நடத்திவரும் ‘ஏசர்’ ஆய்வில், வீடு தேடிச் சென்று குழந்தையிடம் ஒரே ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அதில் தனி எழுத்துகள், சிறு சொற்கள், முதல் வகுப்பு அளவிலான ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறுகதை என்ற நான்கு படிகள்தான் இருக்கும். அதே மாதிரியில் நாமே ஒரு தாள் எழுதிக்கொள்ளலாம், ஐந்து நிமிடத்தில் நிலை தெரிந்துவிடும். சிறு சொற்களில் தடுமாறும் குழந்தைக்கு இந்தக் கதைகளை நாம்தான் படித்துக் காட்ட வேண்டும். பத்தியைப் படித்துவிடும் குழந்தையிடம் கதையைக் கொடுத்துவிட்டு நாம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

தமிழ்க் கதைகளின் மொழிநடை ஒரே சீராக இல்லை. பெரும்பான்மையானவை பிற மொழிகளிலிருந்து வந்தவை. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் செய்தவையும் உண்டு, ஆர்வத்தால் முன்வந்தவர்கள் செய்தவையும் உண்டு, ஏனெனில் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதே தளத்தின் கொள்கை. அந்தத் தாராளத்தால்தான் இத்தனை கதைகள் தமிழில் கிடைக்கின்றன. அதனாலேயே நல்லதைத் தேடி எடுக்கும் வேலையும் வந்து சேர்கிறது. சில கதைகளில் உரையாடல் பேச்சு வழக்கிலும், வேறு சிலவற்றில் அம்மாவும் மகனும்கூட மேடைத் தமிழிலும் பேசிக்கொள்கிறார்கள். ‘கொண்டிருந்தான்’ ஒரு கதையில் முன்சொல்லோடு சேர்ந்தும், அடுத்த கதையில் பிரிந்தும் நிற்கிறது. பெயர்களால் வரும் இடர் இன்னொன்று. கதைமாந்தரின் பெயரை மூலத்தில் உள்ளபடியே வைத்துக்கொள்ளும்போது ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகள் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. பள்ளியில் அவை பின்னால்தான் வரும். நாய்க்குட்டியின் பெயரே படிக்கத் தெரியாத எழுத்தில் தொடங்கினால், அது எத்தனை அருமையான நாய்க்குட்டியானாலும் குழந்தை மூன்றாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடும். அத்தகைய கதையில் முதலிலேயே அந்தப் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஒவ்வொரு கதையிலும் எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் பெயர்கள் தரப்பட்டுள்ளன. ஒரு கதையின் தமிழ் இயல்பாக இருந்தால் மொழிபெயர்த்தவரின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு அவருடைய மற்றக் கதைகளைத் தேடுவதே நல்ல தமிழைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த குறுக்கு வழி. தமிழிலேயே எழுதப்பட்ட கதைகளும் இருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவு என்றாலும் அவற்றைத் தனியாகத் தேடிப் பிடிப்பது வீண்போகாது. வாக்கியங்கள் தாமாகவே குறுகியவையாக அமைந்திருக்கும், படிக்கும் குழந்தையின் குரலிலும் அந்த வேறுபாடு தெரியும்.

எழுத்து வடிவத்தைப் பொறுத்தவரையில் இத்தளத்தில் ஓர் ஆறுதல் உண்டு. தாத்தாவின் அலமாரியிலோ பழைய நூலகத்திலோ எடுக்கும் சிறுவர் நூல்களில், 1978-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முந்தைய லை, னை, ணா, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். வளர்ந்தவர்கள் அவற்றைத் தடையின்றிப் படித்துவிடுவார்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தையோ ‘யானை’ என்ற சொல்லிலேயே நின்றுவிடும். ஸ்டோரிவீவரின் கதைகள் பள்ளியில் கற்கும் அதே வடிவத்தில் அமைந்திருப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

கைப்பேசியில் படிப்பதைவிட அச்சிட்டுப் படிப்பது பல மடங்கு மேல். இதை நான் அழுத்தமாகவே சொல்வேன். பெரிய பக்கத்துக்காக வரையப்பட்ட படமும் அதன் மேலோ கீழோ உள்ள எழுத்தும் கைப்பேசித் திரைக்குள் சுருங்கிவிடுகின்றன. எழுத்தைப் பெரிதாக்கினால் படம் வெளியே போய்விடுகிறது, விரல் வைத்துப் படிக்க முயன்றால் பக்கம் நகர்ந்துவிடுகிறது. இங்கேதான் இத்தளத்தின் திறந்த உரிமம் கைகொடுக்கிறது. இதிலுள்ள கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டவை. உரியவர்களின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அவற்றை அச்சிடலாம், நகலெடுத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாம், மாற்றி எழுதலாம், தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போய்ப் பத்துப் படிகள் போட்டு மாலை நேர வகுப்பொன்றுக்கும் தரலாம். விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தை இப்படி நகலெடுக்க முடியாது.

அச்சிடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்ண அச்சுக்குச் செலவு அதிகமாகும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால், இரவுக் காட்சிகள் நிறைந்த கதைகளில் பின்னணியின் கருமையில் எழுத்தே மூழ்கிவிடுகிறது. வெளிர்ந்த பின்னணியும் கோட்டோவியங்களும் உள்ள கதைகளைத் தேர்ந்தெடுத்தால் கறுப்பு வெள்ளையிலும் குறையில்லை, வண்ணம் தீட்டும் வேலை குழந்தைக்கு மிச்சமாகவும் கிடைக்கிறது. ஒரு தாளில் இரண்டு பக்கங்களாக எடுப்பது போதுமானது, நான்காக எடுத்தால் எழுத்து சிறுத்துவிடும். கோப்பின் கடைசியில், படங்களை வரைந்தவர்கள், உரிம விவரங்கள், நீண்ட இணைய முகவரிகள் ஆகியவை அடங்கிய பக்கங்கள் வரும். வீட்டில் படிப்பதற்கு அவற்றை அச்சிடத் தேவையில்லை. பிறருக்குக் கொடுப்பதானால் பெயர்கள் உள்ள பக்கத்தை அவசியம் சேர்க்க வேண்டும், உரிமத்தின் முக்கிய நிபந்தனை அதுதான்.

அச்சிட்ட தாளில் பென்சிலால் கோடு போடலாம் என்பது சிறிய வசதியாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் வாசிப்பு முன்னேறியது பெரும்பாலும் அந்தக் கோட்டினால்தான். மேலே சொன்ன நீண்ட சொல்லைக் ‘குதித்துக் / கொண்டு / இருந்தது’ என்று எழுதிக் காட்டிவிட்டு, தாளில் உள்ள சொல்லின் மீதும் மெல்லிய கோடுகள் இட்டோம். பிறகு ‘ஓடிக்கொண்டிருந்தது’, ‘பார்த்துக்கொண்டிருந்தது’ என்பவை வரும்போது, பின்பாதி ஏற்கெனவே தெரிந்ததாகிவிட்டதால் முன்பாதியை மட்டும் படித்தால் போதும் என்பது அவளுக்கே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு கோடு போடும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். தேவையில்லாத இடங்களிலும் போட்டாள் என்பது வேறு. பக்கம் முழுவதும் நீண்ட சொற்களாக இருந்த ஒரு கதையில், “இது ரொம்ப நீளமா இருக்கு, நீயே படிம்மா” என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் படித்தேன். அத்தகைய நாள்களில் கட்டாயப்படுத்தாமல் நாம் படித்துக் காட்டுவதே சரி என்பது என் எண்ணம். ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாம் என்று மாற்றி மாற்றிப் படிப்பதும் சோர்வைக் குறைக்கும்.

இனி எழுத்துப் பயிற்சிக்கு வருவோம். தளத்தில் உள்ள படங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குப் புதிய கதை எழுதும் வசதி உண்டு. அது தட்டச்சு செய்யத் தெரிந்தவர்களுக்கானது. பென்சில் பிடித்து இரட்டைக் கோடு நோட்டில் எழுதப் பழகும் குழந்தைக்கு அதனால் பயனில்லை. எழுத்தை எங்கே தொடங்கி எப்படிச் சுழிப்பது என்பதையும் இத்தளம் சொல்லித் தராது. ‘இ’, ‘ண’, ‘ஞ’ போன்றவற்றைக் கீழிருந்து தொடங்கித் தலைகீழாகச் சுழித்துப் பழகிவிட்ட குழந்தையைத் திருத்த, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக் காட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆனால் எதை எழுதுவது என்ற கேள்விக்கு இத்தளம் நல்ல விடை தருகிறது. படித்து முடித்த கதையின் ஒரு பக்கத்தை மீண்டும் அச்சிட்டு, எழுத்து இருக்கும் பகுதியில் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துவிட்டு, அந்தப் படத்துக்குக் குழந்தையையே ஒரு வாக்கியம் எழுதச் சொல்லலாம். சொற்களே இல்லாமல் படங்களால் மட்டும் கதை சொல்லும் நூல்கள் இவ்வேலைக்கு இன்னும் ஏற்றவை. இப்படி ஒரு படத்துக்கு எங்கள் மகள் எழுதியது: ‘நாய்குட்டி கட்டில்கு அடியில ஒலிஞ்சிகிச்சு.’ இதில் திருத்துவதானால் எல்லாவற்றையும் திருத்தலாம். வாக்கியம் முழுவதும் சிவப்பு மையாகிவிட்டால் மறுநாள் நோட்டு கையில் எடுக்கப்படாது. நாங்கள் ‘ஒலி’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒலி, ஒளி, ஒழி ஆகிய மூன்றையும் சொல்லிப் பார்த்து, நாக்கு எங்கே போகிறது என்று கவனிக்கச் சொல்லி, நாய்க்குட்டி எந்த எழுத்தில் மறைந்திருக்கிறது என்று தேடச் செய்தோம். பேச்சு வடிவத்தை அன்று தொடவில்லை. சில நாள் கழித்து அதே பக்கத்தின் அசல் வாக்கியத்தைத் தன் வாக்கியத்தோடு வைத்துப் பார்த்தபோது, புத்தகத்தில் ‘ஒளிந்துகொண்டது’ என்று எழுதுவார்கள் என்பதை அவளே கண்டுகொண்டாள்.

சொல்வதை எழுதும் பயிற்சிக்கும் இக்கதைகள் உதவும். மரம், பறவை, கரை, கறை என்று ரகர றகர வேறுபாடு வரும் சொற்களை, பட்டியலிலிருந்து எடுக்காமல் அன்று படித்த கதையிலிருந்தே எடுத்து ஐந்து சொற்கள் சொன்னால் போதும். குழந்தைக்கு அந்தச் சொல் வந்த இடமும் படமும் நினைவில் இருப்பதால், தவறாக எழுதினால் கதையைத் திறந்து தானே சரிபார்த்துக்கொள்கிறது. திருத்தும் அதிகாரம் நம் கையிலிருந்து தாளுக்கு மாறிவிடுவதால் வீட்டில் சண்டையும் குறைகிறது.

இதையே கடைகளில் கிடைக்கும் பயிற்சி ஏடுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். எழுதுபொருள் கடைகளில் புள்ளிகளை இணைத்து எழுத்தை வரையும் ஏடுகளும், பள்ளம் பதித்த தாளில் மறைந்துபோகும் மையால் எழுதும் ஏடுகளும் மலிவாகக் கிடைக்கின்றன. விரலுக்குப் பழக்கம் தருவதில் புள்ளி ஏடுகளுக்கு ஓர் இடம் உண்டு. பள்ளம் பதித்தவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேனா பள்ளத்தில் தானாக வழுக்கிச் செல்வதால், கை எழுத்தைக் கற்றுக்கொண்டதா என்பதே தெரிவதில்லை, வெறுந்தாளில் எழுதச் சொன்னால்தான் நிலை வெளிப்படும். இரண்டு வகையிலும் ஒரு சொல்லைக்கூடப் படிக்காமல் ஏடு முழுவதையும் நிரப்பிவிட முடியும். அந்தப் பணத்துக்கு ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி பலப்பமும் வாங்குவது மேல்.

அரசு தரும் பொருள்களையும் புறக்கணிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், வயதையும் வகுப்பையும் பாராமல் குழந்தையின் கற்றல் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். ‘வாசிப்பு இயக்க’த்துக்காகப் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் அமைந்தவை. இப்படிகள் தமிழ் வாசிக்கும் குழந்தையை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டவை. எனவே நிலைப் பகுப்பில் ஸ்டோரிவீவரைவிட இவையே நம்பத்தக்கவை. பக்கத்து வீட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தை இருந்தால் அந்த நூல்களை ஒருமுறை வாங்கிப் பார்ப்பது தனியார் பள்ளிப் பெற்றோருக்கு நல்லது. ஆனால் எண்ணிக்கையிலும் படங்களின் பல்வகைமையிலும் கதைத்தளத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. கடலடி உயிர்கள், ரயில் எஞ்சின், வயிற்றுக்குள் சோறு போகும் வழி என்று குழந்தை எதைக் கேட்டாலும் அதைப் பற்றி ஒரு படக்கதை இருக்கிறது.

கையில் பிடித்துப் புரட்டும் புத்தகத்தின் இடத்தை இந்தத் தாள்கள் நிரப்பிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், சென்னை கோட்டூர்புரத்தில் 2010 முதல் இயங்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதிகள் இருக்கின்றன. விடுமுறை நாளில் அங்கே தரையில் உட்கார்ந்து தானே ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் குழந்தை, வீட்டில் நாம் அச்சிட்டுக் கொடுப்பதை மறுநாள் சற்று அதிக உரிமையோடு படிக்கிறது. தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் போன்றோர் வெளியிடும் சிறுவர் நூல்களில் ஆண்டுக்கு நாலைந்து வாங்க முடிந்தால், குழந்தைக்கு மிகப் பிடித்தவற்றை மட்டும் புத்தகமாக வாங்கிவிட்டு அன்றாடப் பயிற்சிக்குக் கதைத்தளத்தை வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துகளை இன்னும் அடையாளம் காணாத, உயிர்மெய் வரிசையில் தடுமாறும் குழந்தைக்கு இத்தளத்திலிருந்து தொடங்க வேண்டாம். ட, ப, ம போன்ற எளிய வடிவங்களிலிருந்து படம், பட்டம் என்று சொல்லுக்குச் செல்லும் பழைய வழியில் சில மாதம் சென்றுவிட்டு வரலாம், அதுவரை கதைகளை நாம் படித்துக் காட்டினால் போதும். நாள்தோறும் இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார ஒருவரும் இல்லாத வீட்டில், கைப்பேசியில் இதைத் திறந்து கொடுத்துவிட்டுப் போவதால் படம் பார்ப்பது மட்டுமே நடக்கும். பிற மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் இருந்துகொண்டு பள்ளியில் தமிழே இல்லாமல் வளரும் குழந்தைகளின் பெற்றோருக்குத்தான் இத்தளத்தால் பயன் மிகுதி. ஒரே கதை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இந்தியிலும் தமிழிலும் கிடைப்பதால், பள்ளி மொழியில் முதலில் படித்துக் கதையைத் தெரிந்துகொண்ட குழந்தை, தமிழில் படிக்கும்போது எழுத்தில் மட்டும் கவனம் செலுத்த முடிகிறது. முதல் வாரத்துக்கு மூன்று கதைகள் போதும். மூன்றையும் நீங்கள் முழுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள், அவற்றில் ஒன்றாவது குழந்தைக்குச் சிரிப்பு வரவைப்பதாக இருக்கட்டும்.